குச்சான் மரவீடு: பனிச்சறுக்குத் தெரியாத நண்பர்களுக்கு

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், நிசேக்கோ பனிச்சறுக்குத் தளங்களை அடுத்துள்ள குச்சான் ஊருக்கு வெளியே, உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு மரவீட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. மலேசியாவின் கூட்டரசுப் பிரதேச தினத்தை (பிப்ரவரி 1) ஒட்டி வந்த நீண்ட வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து போய்த் தங்கினோம். எங்களில் ஒருவருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆவலும் பெரிதாக இல்லை. பனியைப் பார்க்க வேண்டும், கதகதப்பான கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், சேர்ந்து சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பதுதான் திட்டம். அப்படிப்பட்ட குழுவுக்கு இந்த வீட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விடிந்ததும் சறுக்குத் தளத்துக்கு ஓட நினைப்பவர்கள் தளத்தின் அடிவாரத்திலுள்ள ஹிராஃபு பக்கம் விடுதி எடுத்துக்கொள்வதே மேல். இங்கிருந்து ஒவ்வொரு முறையும் காரை எடுத்தாக வேண்டும்.

இந்த வீட்டை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் அங்குள்ள நாய். எங்கள் குழுவில் ஒருவர் தம் வளர்ப்பு நாயை உடன் அழைத்துவர எவ்வளவோ ஆசைப்பட்டார். ஆனால் மலேசியாவிலிருந்து ஜப்பானுக்கு நாயைக் கொண்டுபோவதென்றால் மைக்ரோசிப் பொருத்தி, இரண்டு முறை வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் போதுமான அளவு இருப்பதைப் பரிசோதனையில் உறுதிசெய்து, அதன் பிறகு 180 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு வார இறுதிக்காக எவர் அதைச் செய்வார்? எனவே அந்த நாய் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தங்கியது. இங்கே வீட்டுக்காரரின் நாயான ரிக்கு எங்களோடு இருந்தது. அடுத்த மனையில் குடியிருக்கும் உரிமையாளர், விருந்தினர் விரும்பினால் பகல் முழுதும் அதை விட்டுச் செல்கிறார். நாய் வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிட்டால் அது வாசலுக்குக்கூட வருவதில்லை.

ரிக்கு, ஹொக்கைடோ இன நாய். ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் கரடி வேட்டைக்கும் மான் வேட்டைக்கும் வளர்த்த இந்த இனத்தை ஜப்பான் 1937-இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. காது சிறியது, வால் மேல்நோக்கிச் சுருண்டது, உடம்பில் இரண்டு அடுக்கு முடி. நம் ஊர் வெயிலில் மூச்சிரைக்கும் நாய்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, இது பனியில் குழி பறித்து, அதற்குள் சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு தூங்குவதைப் பார்ப்பதே பொழுதுபோக்காகிவிடும். வெளியே போய்த் திரும்பும்போது அதன் விரலிடுக்கு முடியில் பனி உருண்டை உருண்டையாக, சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டிருக்கும். நுழைவாயிலில், வீட்டுத் தரைக்கு ஒரு படி கீழே இருக்கும் காலணி கழற்றும் இடத்தில் படுத்து, அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பல்லால் பிடுங்கித் துப்பும். அது முடியும்வரை எவர் கூப்பிட்டாலும் திரும்பாது. உரிமையாளர் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடச் சொல்லித் தந்தார். அவர் விதித்த கட்டுப்பாடு ஒன்றுதான்: நம் தட்டிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், வெங்காயமில்லாமல் குழம்பு வைக்கத் தெரியாத எங்களைப் போன்றவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும்.

பனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைபீரியாவிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு இந்த மலைகளில் மோதுவதால்தான் குச்சான் வட்டாரத்தில் பனி இவ்வளவு கொட்டுகிறது. பிப்ரவரியில் சாலையோரச் சுவர் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. பனி உலர்ந்தது; கையில் பிடித்து உருட்டினால் மாவைப் போல உதிர்ந்துவிடும். பனிமனிதன் செய்யும் ஆசையோடு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மேகம் விலகிய காலையில் கூடத்துச் சன்னல் வழியே 1,898 மீட்டர் உயர யோதே மலை முழுதாகத் தெரிகிறது. மேகம் விலகுவது நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், வெளியில் செய்ய வேண்டியவற்றை முற்பகலிலேயே முடித்துவிடுவது நல்லது.

வீட்டின் கூடம் அருமை. வெளியே உள்ள தொட்டியிலிருந்து மண்ணெண்ணெய் குழாய் வழியாக வந்து எரியும் கணப்பு ஒன்று, சுவரோரம் சத்தமில்லாமல் இயங்குகிறது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளும் வகை என்பதால் மூச்சுமுட்டும் பயமில்லை. இங்குள்ள வீடுகளில் அந்தத் தொட்டி பெரும்பாலும் 490 லிட்டர் கொள்ளளவு உடையது. நிரப்புவது உரிமையாளர் பொறுப்பு. இதுவரை குறையில்லை. குறை மாடியில் இருக்கிறது. முன்பதிவுப் பக்கத்தில் எல்லா அறைகளுக்கும் கணப்பு உண்டு என்று எழுதியிருந்தார்கள். மாடிப் படுக்கையறைகளிலோ கால்மாட்டில் வைக்கும் சிறிய மின்கணப்பு மட்டும்தான் இருந்தது. வெளியே மைனஸ் பத்துக்குக் கீழே இறங்கிய இரவில் அது போதவே போதாது. மெத்தைகளை எல்லாம் கீழே இறக்கி, கூடத்தில் வரிசையாகப் போட்டுப் படுத்தோம். கல்யாண வீட்டில் படுப்பது போன்ற அந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். தனியறை எதிர்பார்த்துப் பணம் கட்டும் தம்பதியருக்கு அது பிடிக்க வேண்டிய அவசியமில்லை. மறுநாள் சொன்னதும் உரிமையாளர் மன்னிப்புக் கேட்டுக் கூடுதல் போர்வைகள் தந்தார். எழுதியதைத் திருத்துவதாக உறுதி ஏதும் தரவில்லை.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்கப்போவது தண்ணீரை வடிக்கும் வேலை. கடுங்குளிர் இரவில், அல்லது வீட்டைப் பூட்டிவிட்டு நெடுநேரம் வெளியே போகும்போது, குழாய்களுக்குள் நிற்கும் நீர் உறைந்து விரிந்து குழாயையே வெடிக்கச் செய்துவிடும். அதனால் குளியலறை மூலையிலுள்ள கைப்பிடியைத் திருகித் தண்ணீரை நிறுத்தி, பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்துவிட வேண்டும். திறந்த குழாய் வழியே காற்று உள்ளே புகுந்தால்தான் உள்ளிருக்கும் நீர் நிலத்துக்கு அடியே இறங்கி வடியும். கழிப்பறைத் தொட்டியையும் காலிசெய்ய வேண்டும். உரிமையாளர் படம் போட்டு விளக்கிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறார், நேரிலும் ஒருமுறை செய்து காட்டுகிறார். தூங்கப் போகுமுன் ஒருவரைப் பொறுப்பாக நியமித்துக்கொள்ளுங்கள். கூரையைப் பற்றியும் எச்சரிக்கை தேவை: செங்குத்தான தகரக் கூரையில் சேரும் பனி, முன்னறிவிப்பின்றி இடி முழக்கத்தோடு சரிந்து விழும். கூரையோரம் சிவப்புக் கம்புகள் நட்டிருக்கும் எல்லைக்குள் எவரும் நிற்கக் கூடாது. ரிக்குவே அந்தப் பக்கம் போவதில்லை.

போக்குவரத்து எளிதுதான். கோலாலம்பூர் விமான நிலையத்தின் (கே.எல்.ஐ.ஏ.) இரண்டாம் முனையத்திலிருந்து சப்போரோவின் நியூ சித்தோசே விமான நிலையத்துக்கு ஏர் ஆசியா எக்ஸ் நேரடியாகப் பறக்கிறது. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் ஜப்பானில் செல்லும், வண்டி ஓட்டுவதும் நம்மைப் போலவே இடப்பக்கம். வாடகைக் கார்களில் பனிக்கால டயர் பொருத்தித்தான் தருகிறார்கள். ஆனாலும் பனி வீசும்போது சாலையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேலே தொங்கும் சிவப்பு வெள்ளை அம்புக்குறிகள் கீழ்நோக்கிக் காட்டும் இடமே சாலையோரம் என்று நம்பி ஓட்ட வேண்டும். காராக் நெடுஞ்சாலை மழையில் ஓட்டிய அனுபவம் இதற்குப் பயன்படாது. துணிவில்லாதவர்கள் விமான நிலையத்திலிருந்து நிசேக்கோவுக்கு ஓடும் பனிக்காலப் பேருந்தில் வந்து, உரிமையாளரை அழைத்துப்போகச் சொல்லலாம். அவர் கட்டணம் வாங்குவதில்லை. காரில் வருபவர்கள் இரவில் கண்ணாடித் துடைப்பான்களைத் தூக்கி நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டும், இல்லையேல் காலையில் அவை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வாசலில் குவியும் பனியை விடியற்காலையிலேயே இயந்திரத்தால் தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் தூக்கம் கலையும் என்றாலும் குறை சொல்ல மனம் வரவில்லை.

சமையலறை தாராளமானது. அடுப்பு இண்டக்ஷன் வகை என்பதால் அலுமினியப் பாத்திரமும் அடி உருண்ட வாணலியும் உதவாது. வீட்டிலேயே தட்டையான இரும்புச் சட்டி இருக்கிறது, அரிசி வேகவைக்கும் மின்குக்கரும் இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய மசாலாத் தூள், புளி, நெத்திலிச் சம்பல் ஆகியவற்றைக் கொண்டுபோனோம், சிக்கலில்லை. கோழி செருண்டிங் (மசாலா சேர்த்து உலர வறுத்த இறைச்சித் துருவல்), இறைச்சித் துண்டு கலந்த உடனடி நூடல்ஸ் போன்ற இறைச்சிப் பண்டங்களுக்கு ஜப்பானில் அனுமதி இல்லை; அவற்றைப் பெட்டியில் வைக்க வேண்டாம். குச்சான் உருளைக்கிழங்கு புகழ்பெற்றது. அதை வேகவைத்து, கடுகு தாளித்துப் பிரட்டியதற்கு ஈடாக அந்தப் பயணத்தில் வேறு எதையும் நாங்கள் சாப்பிடவில்லை. சைவர்கள் வெளியே சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் காய்கறிச் சூப் என்று சொல்லித் தருவதிலும் மீன்சாறு கலந்திருப்பது வழக்கம். அவசரத்துக்கு ஹொக்கைடோ முழுதும் செய்கோமார்ட் கடைகள் உள்ளன.

தளத்தை ஒட்டிய விடுதிகளில் ஓர் அறைக்குக் கேட்ட தொகைக்கு இங்கே முழு வீடும் கிடைத்தது. துப்புரவுக் கட்டணம் மட்டும் கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டுகிறது, அதைச் சேர்த்தே கணக்கிடுங்கள். சப்போரோ பனித் திருவிழா பிப்ரவரி தொடக்கத்தில் நடப்பதால் விமானக் கட்டணமும் வீட்டு வாடகையும் அந்த நாள்களில் ஏறிவிடும். விழாவைப் பார்க்கும் எண்ணமில்லாதவர்கள் ஜனவரி நடுப்பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். முன்பதிவுக்கு முன் உரிமையாளருக்கு எழுதி, மாடியில் இப்போது என்ன கணப்பு இருக்கிறது என்பதையும், நீங்கள் தங்கும் நாள்களில் ரிக்கு ஊரில் இருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஒரே நாளில் வந்துவிடுகிறது.