குழந்தைகளோடு கடலுக்கு: சில்வர் பீச்சா, ஈடனா, பாண்டி பீச் ரோடா?

கோடை லீவு விட்டதும் விருத்தாசலம், நெய்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளைங்களக் கூட்டிட்டு எந்த பீச்சுக்குப் போலாம், கடலூரா பாண்டியா?" சாப்பாடு, பார்க்கிங், போட்டோ எல்லாம் பார்த்துப் பதில் சொல்லலாம். கூட வருவது சின்னப் பிள்ளைகள் என்றால் நான் பார்ப்பது இரண்டு: தண்ணீரில் இறங்கினால் கவனிக்க ஆள் உண்டா, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது.

பாண்டி பீச் ரோட்டை முதலில் முடித்துவிடலாம். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிட, வடக்கே கரை அரித்துப்போனது. கருங்கல்லைக் கொட்டித்தான் காப்பாற்றினார்கள். அலை படும் கல்லெல்லாம் பாசி. பெரியவர்களே வழுக்கி விழுகிறார்கள். தலைமைச் செயலகம் பக்கம் இப்போது கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது, ஆனாலும் குளிக்கிற இடம் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். அதற்குப் போங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மணலுக்குப் பஞ்சமில்லை. வீடு கட்டவும் குழி தோண்டவும் இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. நாய்கள் திரியும் காய்ந்த மணலில் கொக்கிப்புழு இருக்கலாம், வெறுங்காலில் தோல் வழியே ஏறி அரிப்பெடுக்கும். அதனால் விளையாட்டை ஈர மணலில் வைத்துக்கொண்டு, அது வரை செருப்போடு நடத்திக் கூட்டிப் போங்கள்.

தண்ணீர்தான் இங்கே சிக்கல். அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல் கலங்கலாக, அமைதியாகத் தெரியும். பயந்த பிள்ளை நேராக அங்கேதான் போகும். வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வழி அது. காலை வாரி உள்ளே இழுத்துவிடும். கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம். இழுவையில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்துதான் வெளியே வர வேண்டும். இது பெரியவர்களுக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே பாதுகாப்பு, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் அம்மாவோ அப்பாவோதான். கரையில் உட்கார்ந்து போன் பார்க்கும் மாமா கணக்கில் சேரமாட்டார்.

ஈடன் பீச் சின்ன வீராம்பட்டினத்தில் இருக்கிறது, கடலூரிலிருந்து போகும்போது பாண்டி டவுனுக்கு முன்னாலேயே வந்துவிடும். 2021இல் இதற்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. குளிக்கும் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது, உயிர்காப்பாளர், முதலுதவி, கழிப்பறை எல்லாம் அந்தச் சான்றிதழின் நிபந்தனைகள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது என்பதால் போன உடனே கொடி பறக்கிறதா, உயிர்காப்பாளர் நிற்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டிக்கெட் உண்டு, சில்வர் பீச்சின் திருவிழாக் களை இருக்காது. பிள்ளை தண்ணீரில் இறங்கியே தீருவேன் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் குளிப்பதற்கென்று குறித்த பகுதிக்குள் மட்டும்.

சுண்ணாம்பாற்றில் படகேறிப் போகும் பாரடைஸ் பீச்? அழகில் முதலிடம், கைக்குழந்தை இருந்தால் கடைசி இடம். ஆறு கடலில் சேரும் இடம், அவசரம் என்றால் திரும்பவும் படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் காலையா மாலையா என்ற சண்டை. பத்து மணி முதல் நான்கு மணி வரை வெயிலே வேண்டாம், அதில் இரண்டாம் பேச்சில்லை. சாயங்காலம் என்றால் கூட்டம், சீக்கிரம் இருட்டு, தலை எண்ணுவது கஷ்டம். காணும் பொங்கல், மாசி மகத்தன்று கேட்கவே வேண்டாம். பிள்ளையின் கையில் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் நம்பரை எழுதிவிடுங்கள். எனக்குக் காலைதான் பிடிக்கும், ஆனால் காற்று டியூப் கொண்டு போனால் அதே காலை ஆபத்து. காலையில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வேறு சேர்ந்துகொள்ளும். கடல் குளம் மாதிரி கிடக்கும், டியூப் பிள்ளையோடு சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கால் இடுக்கில் பட்டை மாட்டும் லைஃப் ஜாக்கெட் தேவலை, டியூப் வீட்டிலேயே இருக்கட்டும்.

சன்ஸ்கிரீனா, முழுக்கைச் சட்டையா? சட்டைக்கே முதல் மார்க். ஆனால் வெளிர் நிறப் பருத்திச் சட்டை நனைந்தால் வெயிலைத் தடுக்கும் சக்தி குறையும், நீச்சலுக்கென்று விற்கும் நைலான் சட்டை நல்லது. முகம், காது, கழுத்துக்கு எஸ்பிஎஃப் 30 க்ரீம். இரண்டு மணிக்கொரு தரமும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு க்ரீம் வேண்டாம், நிழல் போதும். குடிக்க வீட்டுத் தண்ணீர், மோர், கண்ணெதிரே சீவிய இளநீர். கலர் ஜூஸும், எந்தத் தண்ணீர் என்று தெரியாத ஐஸும் வேண்டாம்.

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீரில் கழுவுவதும் கொட்டுவதை அதிகமாக்கும். கடல் தண்ணீரிலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பிள்ளை தாங்குகிற சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ ஒத்தடம் எல்லாம் அப்புறம், உடனே 108.