ஆற்று மணலா, எம் சாண்டா: எது உயரமாகக் குவியும்?

காங்கேயத்தில் எங்கள் வீட்டு வேலை நடந்தபோது வாசலில் ரெண்டு குவியல் கிடந்தது. ஒன்று மிச்சமிருந்த காவிரி மணல், இன்னொன்று கல்லை அரைத்த எம் சாண்ட். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அகலம், ஆனால் எம் சாண்ட்தான் உயரம்.

ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. காய்ந்த மணலில் சரிவு சுமார் 34 டிகிரியை எட்டிவிட்டால், உச்சியில் இன்னொரு சட்டி கொட்டினாலும் சரசரவென்று ஓரத்துக்கு ஓடிவிடும், குவியல் அகலமாகுமே தவிர செங்குத்தாகாது. அடி விட்டம் 20 அடி என்றால் உயரம் 7 அடியைத் தொடாது. உராய்வு பிடித்து நிறுத்துவது அவ்வளவுதான்.

எம் சாண்டை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், நறுக்கென்று குத்தும். அந்த முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் சரிவு சில டிகிரி கூடுகிறது. வாசல் குறுகலாக இருந்தால் அதுதான் வசதி, என் ஓட்டும் அதற்கே.

அப்புறம் ஒன்று, மழை பெய்தால் இந்தக் கணக்கு செல்லாது. மணிகளுக்கு இடையே நிற்கும் கொஞ்சம் ஈரம் அவற்றை இழுத்துப் பிடிப்பதால், ஆற்று மணலைக்கூடச் சுவர் மாதிரி வெட்டி நிறுத்தலாம். காய்ந்ததும் பொலபொலவென்று சரியும், குழந்தைகளை அதில் குகை தோண்ட விடவே விடாதீர்கள்.