யூஸ்நெட் படிக்க தண்டர்பேர்ட்: இழை பிடிப்பதில் கெட்டி, களை எடுப்பதில் சுமார்

டியூக் பல்கலைக்கழகத்தின் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-இல் யோசித்து, மறு ஆண்டே ஓடத் தொடங்கிய யூஸ்நெட் இன்றும் ஓடுகிறது. தலைப்புவாரியான குழுக்களில் (நியூஸ்குரூப்) பதிவு எழுதிப் பேசும், பல சர்வர்களில் பரவிய பொது அரங்கு அது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22-க்குப் பின் அதன் புதிய பதிவுகளை வாங்குவதில்லை. பழையதைத் தேடிப் படிக்கலாம், அவ்வளவுதான். பேச்சில் கலந்துகொள்ள, இந்தக் குழுக்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் நியூஸ்ரீடர் என்ற மென்பொருள் வேண்டும். புதிதாக வருபவருக்கு நாங்கள் முதலில் சொல்வது தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருள்; அது நியூஸ்ரீடராகவும் வேலை செய்யும்.

கணக்கு அமைப்புகளில் நியூஸ்குரூப் கணக்கு ஒன்றைச் சேர்த்து, எடர்னல் செப்டம்பர் போன்ற இலவச சர்வரைக் கொடுங்கள். (செப்டம்பர்தோறும் கல்லூரிக்கு வரும் புதுமுகங்களால் குழுக்கள் திணறும். 1993-க்குப் பின் புதியவர்கள் வரத்து ஓயவே இல்லை. பெயர் அதிலிருந்து வந்தது.) போர்ட் (இணைப்பு வாசல் எண்) 563, மறைகுறியாக்கத்துக்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். வெறும் 119-இல் போனால் கடவுச்சொல் மறைப்பில்லாமல் போகும். குழுப் பட்டியல் காலியாகவோ அரைகுறையாகவோ வந்தால், சர்வர் அமைப்பில் 'இணையும்போது எப்போதும் உள்நுழைவு கேள்' என்ற பொருளில் உள்ள கட்டத்தில் டிக் விழவில்லை என்று அர்த்தம். எழுதும் முன் எச்டிஎம்எல்லை (எழுத்து அலங்கார வடிவம்) அணைத்துவிடுங்கள். குழுக்களில் வெற்று உரைதான் மரியாதை. அனுப்புநர் முகவரி உலகம் முழுக்கத் தெரியும், ஸ்பேம்காரர்கள் அள்ளிக்கொள்வார்கள். ஆகவே .இன்வேலிட் என்று முடியும் செல்லாத முகவரி போதும்.

இழை (ஒரு பதிவும் அதன் பதில்களும்) காட்டுவதில் தண்டர்பேர்டைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிலின் தலைப்பகுதியிலும் ரெஃபரன்சஸ் வரியில் முந்தைய பதிவுகளின் அடையாள எண்கள் இருக்கும்; அதை வைத்தே மரம் கட்டுகிறது. நடுவில் ஒரு பதிவு சர்வரில் காலாவதியாகியிருந்தாலும் கிளை பெரும்பாலும் தப்பும். கன்ட்ரோல்-யூ அழுத்தி மூலத்தைத் திறந்தால் பாத் வரி தெரியும்: ஆச்சரியக்குறிகளால் பிரிந்த சர்வர் பெயர்கள். வலக்கோடி பதிவு புறப்பட்ட பக்கம், இடக்கோடி உங்கள் சர்வர். கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்துப் பதிவுகளைக் கைமாற்றிய யூயூசிபி காலத்து வழக்கம் அது. இன்றும் அதற்கு வேலை உண்டு: தன் பெயர் ஏற்கெனவே அந்த வரியில் இருக்கும் சர்வருக்கு அதே பதிவை மறுபடி அனுப்பமாட்டார்கள்.

குறை வடிகட்டுவதில். கே விசை இழையை ஒதுக்கும், ஷிப்ட்-கே கிளையை மட்டும் ஒதுக்கும். ஆனால் பதிவுகளுக்கு மதிப்பெண் போட்டு மேலே கீழே தள்ளும் ஸ்கோரிங் கிடையாது. பரபரப்பான குழுக்களைத் தினமும் படிப்பவருக்கு எஸ்எல்ஆர்என் அல்லது பான் என்ற நியூஸ்ரீடர்தான் சரி.