நடைபாதையில் ஓட்டுபவருக்கு ஒரு பித்தளை பெல்: பதினோரு மாத அனுபவம்

சிங்கப்பூரில், தெம்பனிஸ் நகரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்து சைக்கிள் கடையில் 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து இந்த பெல்லை வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. கவிழ்த்த கிண்ணம் மாதிரி 55 மில்லிமீட்டர் அகலப் பித்தளைக் குமிழ், பக்கத்தில் வில்கம்பியில் சின்னதாக ஒரு சுத்தியல். விரலால் இழுத்து விட்டால் ஒரே ஒரு அடி. அவ்வளவுதான் சாமான். வேலைக்குப் போகும் நாளெல்லாம் காலையும் மாலையும் தெம்பனிஸிலிருந்து சீமெய் வழியாகச் சாங்கி பிசினஸ் பார்க்குக்கு இதை மாட்டிய சைக்கிளில்தான் போய்வருகிறேன். நடைபாதையில் ஓட்டுகிற யாரும் ஹாரன் வாங்கும் முன் இதைப் படித்துவிட்டு வாங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் என் ஹேண்டில்பாரில் இருந்தது பேட்டரி ஹாரன். பெட்டியில் 120 டெசிபெல் என்று போட்டிருந்தது. சத்தமாக இருந்தால் பாதுகாப்பு என்று நானும் நம்பினேன். ஒரு சனிக்கிழமை காலை, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில் எனக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார். ஆறேழு மீட்டர் இருக்கும்போது ஹாரனை அமுக்கினேன். அவர் ஒதுங்கவில்லை, திடுக்கிட்டு நேராக என் பக்கமே காலை வைத்தார். நான் பிரேக் பிடித்து நின்றுவிட்டேன், அவர் மேல் படவில்லை. ஆனால் தள்ளுவண்டி சாய்ந்து முட்டை அட்டை தரையில் விழுந்தது. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஹாக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. அப்புறம் மலாயில், 'பெலான் பெலான்' என்றார். மெதுவா, மெதுவா. முட்டைக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. நான் பொறுக்கிக் கொடுத்த கீரைக்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே ஹாரனைக் கழற்றிவிட்டேன்.

சிங்கப்பூரில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது சட்டப்படி சரி. தெம்பனிஸ்தான் அதற்கு வழிகாட்டிய ஊர். 2010லிருந்தே எங்கள் நகரில் அனுமதி உண்டு. நாடு முழுவதற்குமான சட்டம் 2018 மே மாதம் நடப்புக்கு வந்தது. நடைபாதையில் வேக வரம்பு முதலில் மணிக்கு 15 கிலோமீட்டர், 2019 பிப்ரவரியிலிருந்து 10. அதே வருஷம் செப்டம்பரில் பிடோக் வட்டாரத்தில், நின்றபடி ஓட்டுகிற மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் போன ஓர் அம்மா இறந்துபோனார். ஊரே கொதித்தது. நவம்பர் 5ஆம் தேதியிலிருந்து மின்ஸ்கூட்டருக்கு நடைபாதையில் தடை. 2025 ஜூலை 1 முதல் இன்னொரு மாற்றம்: பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கிற இடங்களில், நடைபாதையை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம். எனக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் சைக்கிள் பாதை இன்னும் வராத இடங்களில், ஒன்றரை மீட்டர் அகலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியும் மார்க்கெட் தள்ளுவண்டியும் நானும் ஒன்றாகத்தான் போகவேண்டியிருக்கிறது. அங்கேதான் பெல் முக்கியம்.

ஹாரனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் வாயால் சொல்லிப் பார்த்தேன். 'எக்ஸ்கியூஸ் மீ' என்று பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல் திடீரென்று கேட்டால், தனியாக நடக்கிற பெண்கள் பயப்படுகிறார்கள். அதை முகத்திலேயே பார்த்தேன். பிறகு 4 வெள்ளிக்குச் சின்ன அலுமினிய பெல். கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் சுற்றி 'டிரிங் டிரிங்' என்று அடிக்கும். அது கேட்கிறது, ஆனால் 'விலகு விலகு' என்று அதட்டுகிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்ப்பவர் முகம் சுளிக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நடைபாதை அவருடையது, நான் அங்கே விருந்தாளி.

பித்தளை பெல்லை வாங்கிய சமயம், அம்மா மன்னார்குடியிலிருந்து வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தார்கள். அம்மாவுக்கு 71 வயது, இடது காது மந்தம். வந்த முதல் வாரமே, "சாயங்காலம் நான் கீழ எறங்க மாட்டேன்பா. சைக்கிள் எந்தப் பக்கம் வருதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் மாடும் டிராக்டரும் வருகிற ரோட்டில் சாதாரணமாக நடக்கிற அம்மா, இவ்வளவு சுத்தமான நடைபாதையில் நடக்கப் பயந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அம்மாவையே கூட்டிப்போய்ச் சோதித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, புளோக்குக்குப் பின்னால் ஆளில்லாத நடைபாதை. அம்மா முதுகு காட்டி மெதுவாக நடக்க, நான் பின்னாலிருந்து பழைய ஹாரன், அலுமினிய பெல், பித்தளை பெல் மூன்றையும் ஒவ்வொன்றாக அடித்தேன்.

ஹாரனுக்குத் தோள் இரண்டும் தூக்கிப்போட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "தலைக்குள்ளயே அடிச்ச மாதிரி இருக்கு" என்றார்கள். அலுமினிய பெல் பத்து மீட்டருக்குள் வந்தபிறகுதான் கேட்டது. வயதானால் கீச்சென்ற மேல்ஸ்தாயிச் சத்தம்தான் முதலில் காதுக்கு மங்கும். சின்ன பெல்களின் சத்தம் அந்த ரகம். குமிழ் பெரிதாக ஆக சுருதி இறங்கும். இந்த 55 மில்லிமீட்டர் பித்தளையை இருபது மீட்டரிலிருந்து ஒருமுறை தட்டினேன். 'டிங்ங்ங்' என்று ஆரம்பித்து மூன்று நான்கு நொடி இழுத்துக்கொண்டே தேய்ந்து போனது. அந்த இழுப்பிலேயே அம்மா தலையை வலது பக்கம் திருப்பி, நிதானமாக இடது பக்கம் ஒதுங்கினார்கள். "பூஜை மணி மாதிரி இருக்குடா" என்றார்கள்.

இந்தக் கார்வைக்குத்தான் நான் 18 வெள்ளி கொடுத்தேன் என்று இப்போது சொல்வேன். ஹாரன் சட்டென்று வெட்டி முடிந்துவிடும், கேட்டவருக்கு யோசிக்க நேரமில்லை. பித்தளையின் சத்தம் நீள்வதால் காது அதைத் தேடிப் பிடிக்கிறது. பின்னால் ஒருவர் வருகிறார், அவசரமில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது.

ஆனால் எங்கே அடிக்கிறோம் என்பது பெல்லைவிட முக்கியம். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் போகிறோம். ஐந்து மீட்டரில் அடித்தால், நிற்கிறவருக்கு இரண்டு நொடிகூடக் கிடைக்காது. பதினைந்து மீட்டரில் அடித்தால் ஐந்து நொடி. அவரும் முன்னால் நடந்துகொண்டிருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. எனவே இப்போது நான் இரண்டு விளக்குக் கம்பம் தள்ளியே ஒருமுறை தட்டிவிட்டு மிதிப்பதை நிறுத்திவிடுவேன். ஒதுங்கினால் நன்றி சொல்லிப் போவேன். ஒதுங்காவிட்டால் இரண்டாவது முறை அடிப்பதில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலும், லிஃப்ட் வாசலிலும், தத்தித்தத்தி நடக்கிற குழந்தை இருக்கும் இடத்திலும் பெல்லே வேண்டாம். பெல் சத்தம் கேட்டால் குழந்தை சைக்கிளை நோக்கித்தான் ஓடிவரும்.

காதில் இயர்ஃபோன் மாட்டியவருக்கு எந்த பெல்லும் கேட்காது, இதுவும் கேட்காது. சீமெய் ரயில் நிலையத்தை ஒட்டிய பாதையில் காலை எட்டு மணிக்குப் பாதிப் பேர் அப்படித்தான். அவர்கள் மேல் எனக்கு முன்பு கோபம் வரும். இப்போது அங்கே போனாலே இறங்கிவிடுகிறேன், அதிகபட்சம் நான்கு நிமிஷம் கூடுதல்.

பொருத்துவதில் கவனிக்கவேண்டியது உண்டு. கைப்பிடிப் பக்கம் கம்பி 22.2 மில்லிமீட்டர், நடுவில் தண்டோடு சேரும் இடம் பல சைக்கிள்களில் 31.8. என்னுடைய பெல் மெல்லிய பக்கத்துக்கானது, கூடவே ஒரு ரப்பர்த் துண்டும் கொடுக்கிறார்கள். எது உங்களுக்கு வேண்டும் என்று சைக்கிளைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். குமிழ் எதிலும் உரசக்கூடாது. முதல் வாரம் என் பிரேக் கேபிள் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, சத்தம் 'டக்' என்று செத்துப்போனது. பெல்லைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகத் திருப்பினதும் நாதம் திரும்ப வந்துவிட்டது. மழையில் நனைந்து குமிழ் நிறைய நீர் முத்து நின்றாலும் கார்வை குறையும், ஒரு விரலால் வழித்துவிட்டால் சரி.

இந்த ஊர் ஈரக்காற்றில் மூன்று மாதத்திலேயே பித்தளை கறுத்துப்போனது. கடைக்காரர் ஏதோ பாலிஷ் விற்கப் பார்த்தார். அம்மா சிரித்துவிட்டு, குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரியே ஊறவைத்த புளியை நாலு தேய் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்கள். பளபளவென்று ஆகிவிட்டது. புளிக்குப் பிறகு நன்றாகக் கழுவித் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் பச்சை பிடிக்கும்.

குறை என்றால் இரண்டு. சுத்தியலைத் தாங்கும் வில்கம்பி ஆறாவது மாதம் தளர்ந்து, மேடு பள்ளத்தில் தானாகவே மெல்ல 'டிங் டிங்' என்று அடிக்க ஆரம்பித்தது. காரணமில்லாமல் அடிக்கிற பெல்லை யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதால் உடனே கொண்டுபோனேன். கடைக்காரர் கம்பியைக் குறட்டால் லேசாக வளைத்துச் சரிசெய்தார், காசு வாங்கவில்லை. இரண்டாவது, கீழே இருக்கும் திருகு துருப்பிடித்துவிட்டது. இந்த விலைக்கு அதை எவர்சில்வரில் போட்டிருக்கலாம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

மார்க்கெட் பாட்டியை அதற்கப்புறம் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். அவர் இருந்தால் பெல்லைத் தொடுவதில்லை, இறங்கிப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போகிறேன். ஒரு நாள் திரும்பிப் பார்த்துவிட்டு, வழிவிட்டு நின்று, போ என்று கையைக் காட்டினார்.

மகள் அடுத்த வருஷம் தனியாக சைக்கிளில் பள்ளிக்குப் போகப்போகிறாள். அவளுக்கும் இதே பெல்லைச் சொல்லிவைத்திருக்கிறேன். சின்ன விரலுக்குச் சுத்தியலை இழுக்க முதலில் கொஞ்சம் கடினமாக இருக்கும், கம்பியை இளக்கிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.