ஜமோவியும் மூன்றாவது கேள்வியும்

பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள எந்த ஜெராக்ஸ் கடைச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘எஸ்பிஎஸ்எஸ், ஏமோஸ் செய்து தரப்படும்.’ இரண்டும் ஆய்வுத் தரவைக் கணக்கிடும் புள்ளியியல் மென்பொருள்கள். கீழே போன் நம்பர். பகுதிநேர பிஎச்டி செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நம்பர் மனப்பாடம். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஜமோவி என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைப் பற்றி எழுத உட்கார்ந்து ஜெராக்ஸ் கடையில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் அங்கேதான் திரும்பி வரப்போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் எம்பிஏ மாணவர்களுக்கு மனிதவள மேலாண்மை எடுக்கிறேன். என் ஆராய்ச்சி, ஜவுளிக்கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பெண்களின் பணி–வாழ்க்கைச் சமநிலை. ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் தேடிப் பார்த்தால் ஐடி கம்பெனி, வங்கி, செவிலியர், கல்லூரி ஆசிரியைகள் என்று இதே தலைப்பில் ஆய்வேடுகள் கொட்டிக் கிடக்கின்றன. பலவற்றில் மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்ற எண், 384. கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் போட்ட அட்டவணையின் கடைசி எண் அது. மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் 384 பேர் போதும் என்று அந்த அட்டவணை சொன்னாலும் சொன்னது, அதன்பிறகு யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டே புடவை விரிக்கிற பெண்களைப் பற்றி, நான் தேடியவரை, அதிகம் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

கேள்வித்தாளுக்கு நெடிமேயர், போல்ஸ், மெக்மூரியன் மூவரும் 1996-இல் உருவாக்கிய அளவுகோலை எடுத்துக்கொண்டேன். வேலை குடும்பத்தில் தலையிடுவதற்கு ஐந்து கேள்வி, குடும்பம் வேலையில் தலையிடுவதற்கு ஐந்து கேள்வி. சின்னது, நிற்கிற இடத்திலேயே கேட்டு முடித்துவிடலாம். மூலத்தில் ஏழு படி. ‘ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்’, ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று நான் வாசித்ததும், “ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்?” என்றார் ஒரு அக்கா. ஐந்து படியாகக் குறைத்தேன்.

முன்னோட்டத்துக்கு வாங்கிய தாள்களை அந்தக் கடைக்காரரிடம் கொடுத்தேன். “எத்தனை ஹைபாதிசிஸ் மேடம்? எல்லாம் சிக்னிஃபிகன்ட்டா வரணுமா, ஒண்ணு ரெண்டு வராம இருந்தாப் பரவாயில்லையா?” என்று கேட்டார். என் ஊகங்களில் எத்தனை கணக்கில் உறுதியாக வேண்டும் என்பதை, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில். மூன்றாம் நாள் பளபளவென்று அட்டவணைகள் வந்தன. ஆல்ஃபா, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண், வழக்கமாக எதிர்பார்க்கும் 0.7-க்கு மேலே அழகாக நின்றது. இரவு படுக்கப்போகும் முன் எண்ணிப் பார்த்தேன். வேலை குடும்பத்தில் தலையிடும் பகுதியில் நான் கேட்டது ஐந்து கேள்வி, அட்டவணையில் இருந்தது நான்கு. மூன்றாவது கேள்வியைக் காணோம்.

போன் செய்தேன். “அது ஆல்ஃபாவைக் கெடுக்குது மேடம், தூக்கிட்டேன்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் வேலை அது. ஆனால் அவர் எதைத் தூக்கினார் என்று எனக்குத் தெரியாமலே நான் வைவாவில், ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், போய் நின்றிருப்பேன். அன்றைக்குத்தான், ஒரு நண்பர் எப்போதோ சொன்ன ஜமோவியை இறக்கினேன்.

இனி விமர்சனம். எஸ்பிஎஸ்எஸ் 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது, 2009-இல் ஐபிஎம் வாங்கிக்கொண்டது. முறையான உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் ஆராய்ச்சி மாணவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை, அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம். ஜமோவி முழுக்க இலவசம், திறந்த மூலம். ஜோனதன் லவ், டேமியன் டிராப்மன், ரவி செல்கர் என்ற மூவர் 2017 வாக்கில் தொடங்கியது. அதற்கு முன் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஜாஸ்ப் என்ற இதே வகை மென்பொருளில் வேலை பார்த்தவர்கள். உள்ளே ஓடுவது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி, ஆனால் நாம் ஒரு வரி கூட எழுத வேண்டாம். வேண்டுமென்றால் ஒரு பொத்தானைத் தட்டி, ஒவ்வொரு அட்டவணைக்கும் பின்னால் இருக்கும் ஆர் வரிகளைப் பார்க்கலாம். நான் ஒருமுறை பார்த்தேன், மூடிவிட்டேன்.

திறந்தால் எக்ஸெல் போல ஒரு கட்டத்தாள். எக்ஸெல் கோப்பையும் எஸ்பிஎஸ்எஸ் கோப்பையும் அப்படியே திறக்கும். ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் குட்டிப் படம்: மூன்று வட்டம் என்றால் வெறும் பெயர் வகை, படிக்கட்டு என்றால் வரிசை, அளவுகோல் என்றால் தொடர் எண். இதைச் சரிபார்க்காமல் உள்ளே போகாதீர்கள். ஒன்று முதல் ஐந்து வரை போட்ட பதில்களை அது எந்த வகையாக எடுத்துக்கொண்டது என்று பார்த்து, தேவையானால் நாமே மாற்ற வேண்டும். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் பெட்டிக்குள் ஒரு மாறி (ஒரு நெடுவரிசைத் தரவு) நுழைய மறுத்தால் முதலில் இந்தப் படத்தைத்தான் பாருங்கள். நான் அரை மணி நேரம் மவுஸைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்தது வலதுபக்கம். இடதுபுறம் ஒரு டிக் போட்டால் வலதுபுறம் அட்டவணை உடனே மாறும். ‘ஓகே’ அழுத்தி, புதுப் பக்கம் திறந்து, பழைய அட்டவணை எது புதியது எது என்று குழம்பும் வேலை இல்லை. ஒரு தாளில் 4 என்று இருந்ததை 44 என்று தட்டியிருந்தேன். கட்டத்தில் போய்த் திருத்தினேன், அந்த எண்ணைத் தொட்ட அட்டவணைகள் எல்லாம் தானாகத் திருந்திக்கொண்டன. தரவு, போட்ட டிக்குகள், முடிவுகள் எல்லாமே ஒரே கோப்பில் சேமிக்கப்படும். என் கைடுக்கு அந்தக் கோப்பை அப்படியே அனுப்பிவிடுகிறேன். அவர் திறந்து, நான் எதை டிக் செய்தேன், எதை விட்டேன் என்று பார்த்துவிடலாம். ஒளித்து வைக்க இடமில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். நம்பகத்தன்மை பகுதியில் ஐந்து கேள்விகளையும் உள்ளே தள்ளினேன். ஆல்ஃபா 0.7-க்குக் கீழே விழுந்தது. அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: இந்தக் கேள்வி மொத்த அளவுகோலோடு எதிர்த்திசையில் போகிறது, திருப்பிப் போட (1-ஐ 5 ஆகவும், 5-ஐ 1 ஆகவும் எண்ண) வேண்டியதாக இருக்கலாம். தொடர்பு வரைபடத்தை டிக் செய்து பார்த்தால் அந்த ஒரு வரிசை மட்டும் நிறம் மாறி நிற்கிறது. பக்கத்திலேயே ‘திருப்பிய கேள்விகள்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் இழுத்துப் போட்டேன், ஆல்ஃபா ஏறிவிட்டது. ஒரு நிமிட வேலை. இரவு மணி பதினொன்றரை. அப்படியே சேமித்துவிட்டுப் படுத்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கேள்வியில் திருப்பிப் போட என்ன இருக்கிறது? ‘என் வேலையின் சுமையால் வீட்டில் நான் செய்ய நினைப்பவை செய்யாமல் நின்றுபோகின்றன’ என்று தமிழில் போட்டிருந்தேன். மற்ற நான்கு கேள்விகளைப் போலவே அதுவும் வேலை வீட்டைக் கெடுப்பதைத்தான் கேட்கிறது. மற்ற நான்குக்கும் ‘ஆமாம், ஆமாம்’ என்று தட்டியவர்கள் இதற்கு மட்டும் ‘இல்லவே இல்லை’ என்றிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கடைக்கே போனேன். நான் முதலில் பேசிய அக்கா நூல் புடவைப் பிரிவில் நின்றிருந்தார். தமிழ்நாட்டில் 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. அவர் கவுன்டருக்குப் பின்னாலும் ஒரு முக்காலி இருந்தது, அதன் மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கேள்வியை மறுபடி வாசித்துக் காட்டி, ஏன் ‘இல்லை’ என்று போட்டீர்கள் என்று கேட்டேன்.

“வீட்டு வேலை நின்னு போகுமா டீச்சர்? நான் செய்யாம விட்டா யாரு செய்வா? ராத்திரி பன்னெண்டு ஆனாலும் துவைச்சுக் காயப்போட்டுட்டுத்தேன் படுப்பேன்.”

பக்கத்துக் கவுன்டர்ப் பெண், கேட்காமலே, “எனக்கும் அப்படித்தேன்க்கா” என்றாள்.

வேலை வீட்டைக் கெடுக்கவில்லை. தூக்கத்தைத்தான் கெடுக்கிறது. கேள்வி இரண்டு பக்கம் மட்டும் உள்ள தராசு ஒன்றை வைத்துக்கொண்டு கேட்கிறது: ஒரு தட்டு வேலை, ஒரு தட்டு வீடு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இவர்களுக்கு இரண்டு தட்டும் இறங்கியே இருக்கின்றன. வீட்டுக்குத் திரும்பி அந்த 1996 கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அளவுகோலைச் சோதித்த மூன்று குழுக்கள்: பள்ளி ஆசிரியர்களும் நிர்வாகிகளும், சிறு தொழில் நடத்துவோர், வீடு நிலம் விற்கும் விற்பனையாளர்கள். எல்லாம் அமெரிக்காவில். விற்பனையாளர் என்ற ஒரு சொல்லை நம்பி நான் அதை விளக்குத்தூணுக்கு அழைத்து வந்திருக்கிறேன். நம் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. இதை வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். கேள்வித்தாள் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

இதையெல்லாம் ஜமோவி கண்டுபிடித்தது என்று சொல்ல வரவில்லை. அதன் யோசனைப்படி திருப்பிப் போட்டிருந்தால் நானும் தவறான முடிவுக்குத்தான் போயிருப்பேன். எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் கேள்வியை நீக்கினால் ஆல்ஃபா என்னாகும் என்று பார்க்கலாம். வித்தியாசம், இது என் மடிக்கணினியில், என் கண்முன் நடந்தது. கேள்வி காணாமல் போகும் வேலையை இன்னொருவர் மூன்று நாளில் முடித்துத் தரவில்லை.

வடிகட்டும் வசதியும் எனக்கு உதவியது. சில தாள்கள் ஆடித் தள்ளுபடி மாதத்தில் வாங்கியவை, சில பொங்கல் முடிந்த பிறகு. மாதத்தைக் குறிக்க ஒரு நெடுவரிசை போட்டு, மேலே ஒரு வரியில் நிபந்தனை எழுதினால் ஆடித் தாள்கள் மட்டும் கணக்கில் நிற்கும், எல்லா அட்டவணையும் அதற்கேற்ப மாறும். ஆடியில் கேட்டால் ஒரு பதில், தையில் கேட்டால் ஒரு பதில். ஒரே தடவை கேட்டு எழுதுகிற ஆய்வேடுகளில் இது எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குறை? ஏமோஸில் போல நாமே வட்டமும் கட்டமும் வரைந்து, அம்பு இழுத்து மாடல் கட்ட முடியாது. தனி மாட்யூல் சேர்க்கலாம், அது தரும் படத்தையும் போடலாம், ஆனால் ‘ஏமோஸ் படம் எங்கே?’ என்று கேட்கும் தேர்வாளர் இருந்தால் முன்கூட்டியே தயாராகுங்கள். இடைநிலை மாறி (மீடியேட்டர்), ஒழுங்குபடுத்தும் மாறி (மாடரேட்டர்) வேண்டுவோருக்கும் மாட்யூல் உண்டு. வெறும் பெர்சன்டேஜ், கை-ஸ்கொயர், அனோவா போன்ற அடிப்படைக் கணக்குகள் மட்டும் போதுமென்றால் எதையும் சேர்க்க வேண்டாம். முகப்பு ஆங்கிலத்தில் பார்ப்பதே நல்லது, அட்டவணைகள் ஆய்வேட்டுக்கு அப்படியே போகும். இறக்கும்போது இரண்டு பதிப்பு காட்டும், ‘சாலிட்’ என்று இருப்பதை எடுங்கள். உலாவியிலேயே ஓடும் பதிப்பும் உண்டு, கல்லூரிக் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்பவர்களுக்கு.

நடுராத்திரியில் இதையெல்லாம் பழகிக்கொண்டிருந்தபோது என் கணவர், “சமநிலை ஆராய்ச்சி முடிஞ்சதும் நமக்கும் ஒரு காப்பி போட்டு வை” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனார். அன்றைக்குப் பாத்திரம் அவர் துலக்கியது என்பதையும் நியாயத்துக்காக எழுதிவிடுகிறேன்.

போன வாரம் டிசி மீட்டிங்குக்கான, அதாவது என் ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் கூட்டத்துக்கான, அறிக்கையை ஸ்பைரல் போட அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பக்கங்களைப் புரட்டியவர் அட்டவணையில் நின்றார்.

“மேடம், அந்த மூணாவது கேள்வி இன்னும் இருக்கே?”

“ஐந்தோடும் போட்டிருக்கேன், அது இல்லாமலும் போட்டிருக்கேன். அடுத்த பக்கத்துல அவங்க சொன்னதையும் போட்டிருக்கேன்.”

“ஐந்தோட ஆல்ஃபா?”

“0.7-க்குக் கீழதான்.”

ஒன்றும் சொல்லாமல் துளை போட்டு, கம்பிச் சுருளைக் கோத்து, நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.