குழந்தையின் கரப்பானுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கைக்குழந்தையாக இருந்தபோதே எங்கள் மகளுக்குக் கன்னங்களிலும் கை கால்களின் வெளிப்புறத்திலும் எக்ஸிமா எனப்படும் கரப்பான் வந்தது. அவள் நடக்கத் தொடங்கிவிட்ட இன்றுவரை, மருத்துவரின் ஆலோசனைப்படி, வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியையே முதன்மையான மாய்ஸ்சரைசராகப் பயன்படுத்தி வருகிறோம்.

இந்நோயில் தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. லோஷனில் நீரின் பங்கு அதிகம் என்பதால் அது விரைவில் உலர்ந்துவிடும். அதில் கலந்திருக்கும் பதப்படுத்தும் பொருள்கள் வெடித்த தோலில் எரிச்சலையும் தரலாம். ஜெல்லியில் நீரே இல்லை. தோலின் மேல் படலமாக நின்று, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. அதனால்தான் பூசும் நேரம் முக்கியமாகிறது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, உடல் முழுதும் காய்வதற்கு முன்பே பூசிவிடுகிறோம். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் வைத்து இளக்கி, முடி வளரும் திசையிலேயே தடவுகிறோம். உப்புத்தாள் போலச் சொரசொரத்துக் கிடந்த கணுக்கால் பகுதி மெல்ல மெல்ல மிருதுவானதைத் தொட்டுப் பார்த்தே உணர முடிந்தது. தோல் நன்றாக இருக்கும் நாள்களிலும் விடாமல் பூசியதே இதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. பிசுபிசுப்பு உடைகளில் ஒட்டிக்கொண்டு, துவைத்தாலும் எளிதில் போவதில்லை. அவ்வாறு ஊறிய துணி விரைவில் தீப்பற்றக்கூடும் என்பதால், அடுப்பு, விளக்கு போன்றவற்றின் அருகே குழந்தையைக் கொண்டுசெல்வதில் மிகுந்த கவனம் தேவை. வெயில் காலத்தில் வியர்வையோடு சேர்ந்து மயிர்க்கால்களில் சிறு பருக்கள் தோன்றியதால், அந்த மாதங்களில் மட்டும் வாசனையற்ற கிரீமுக்கு மாறிக்கொள்கிறோம்.

ஜெல்லி வறட்சியைத்தான் தணிக்கும். தோல் சிவந்து அழற்சி கூடும்போது அது மட்டும் போதாது. அப்போது மருத்துவர் எழுதித் தந்த 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு வகைக் களிம்பை, அவர் சொன்ன நாள்கள் வரை பூசினோம். ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்புதான். ஆனால் அச்சத்தால் மிகக் குறைவாகப் பூசினால் அழற்சி அடங்குவதில்லை. அரிப்பால் குழந்தை தூக்கமின்றித் தவிப்பதும் தொடரும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கும் களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது போதும். இந்தக் கணக்கை மருத்துவர் செய்து காட்டிய பிறகு, கூடுமோ குறையுமோ என்ற தயக்கம் எங்களுக்கு இல்லை.

தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சலோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் எழும்பினாலோ, எந்தப் பூச்சையும் நம்பிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.