பின்கண்ணாடி டிபிரொஸ்ரர் தகடு ஒட்டும் பசை: இரண்டாம் தரம் ஒட்டிய பிறகு எழுதுகிறேன்

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணித்தியாலம் வெட்டவெளியில் நின்ற காரிடம் காலை ஏழரைக்கு வந்தால் பின்கண்ணாடி வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கும். வெளிப்பக்கத்தைச் சுரண்டிவிடலாம். உள்பக்கத்தில் பிடிக்கும் பனிக்கு டிபிரொஸ்ரர்தான் (கண்ணாடியிலுள்ள கோடுகளை மின்சாரத்தால் சூடாக்கிப் பனியை உருக்கும் ஏற்பாடு) கதி, ஏனென்றால் அதன் கோடுகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன, சுரண்டினால் அவையும் போய்விடும். போன டிசம்பரில் ஒரு நாள் பொத்தானை அமத்தினேன். செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் போயும் ஒரு கோடுகூடத் தெளியவில்லை.

என்னுடையது 2009 ரொயோட்டா மேற்றிக்ஸ், இங்கே ஒன்ராறியோவில் கேம்பிரிட்ஜில் செய்த வண்டி. பின்கதவைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டிய சின்னத் தகடு வயரின் நுனியில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. முதல் நாள் நாற்பது இறாத்தல் அரிசிப் பையை அந்தப் பக்கமாக இடித்துத் தள்ளியது நான்தான். பழி போட வேறு ஆள் இல்லை.

கண்ணாடியில் தெரியும் மெல்லிய கோடுகள் உண்மையில் கம்பிகள் இல்லை. வெள்ளி கலந்த மையை அச்சடித்து, கண்ணாடியோடு சேர்த்துச் சுட்டெடுத்தவை. இரண்டு ஓரத்திலும் அகலமான பட்டை ஒன்று இருக்கும், எல்லாக் கோடுகளும் அதில் போய்ச் சேரும். ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோடு மட்டும்தான் வேலை செய்யாது. பட்டையில் இருக்கும் தகடு கழன்றால் முழுக் கண்ணாடியும் செத்துவிடும். என் கதை இரண்டாவது.

ஒரு கராஜில் கேட்டேன். "கண்ணாடியையே மாத்த வேணும் அக்கா" என்று சொல்லி 600 டொலருக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். விற்றால் கார் அதற்கு மேல் எவ்வளவு பெறும் என்பதே சந்தேகம். பிறகு என் தம்பி சுப்பர் குளூவோடு வந்தான். நன்றாகத்தான் ஒட்டினான், தகடு அசையவில்லை. ஆனால் அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தாது. அசற்றோன் தொட்ட பஞ்சால் அதைக் கழற்றி எடுக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

அதற்குப் பிறகுதான் பெர்மாடெக்ஸ் நிறுவனம் இதற்கென்றே விற்கும் பசையை வாங்கினேன். உதிரிப்பாகக் கடையில் அட்டையில் தொங்கும் சின்னப் பொதி, 25 டொலருக்குள் முடிந்தது. உள்ளே இருப்பதைப் பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஒரு தகட்டுக்கு அது போதும். மின்சாரம் கடத்தும் பசை என்பதுதான் விஷயம். இந்த இணைப்பால் 10 முதல் 20 அம்பியர் வரை ஓடும், அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடமே சூடாகிக் கழன்றுவிடும்.

முதல் தரம் நான்தான் கெடுத்தேன். எங்கள் மாடிக் குடியிருப்பின் நிலக்கீழ்ப் பார்க்கிங்கில், விரல் விறைக்கிற குளிரில் ஒட்டினேன். 24 மணித்தியாலம் விடச் சொல்லியிருந்தது. அடுத்த நாள் வேலை. பத்து மணித்தியாலத்தில், ஒட்டிய தகட்டின்மேல் வயரின் இணைப்பை அழுத்திச் செருகினேன். தகடு கையோடு வந்துவிட்டது.

இரண்டாம் தரம் வெள்ளிக்கிழமை காலை தொடங்கினேன், திங்கள் இரவு வரை வேலையில்லை. பழைய பசையை எடுத்து, பட்டையையும் தகட்டின் அடியையும் அல்ககோலால் துடைத்தேன். ஹெயார் ட்ரையரை நீட்டு வயரில் கொழுவி, கண்ணாடி கைக்கு இளஞ்சூடாகப் படும்வரை ஆறுதலாகப் பிடித்தேன். இந்த முறை தகட்டை முதலில் வயரோடு செருகிக்கொண்டு, அப்படியே இரண்டையும் சேர்த்து ஒட்டினேன். இதுதான் இந்த வேலையின் சூட்சுமம் என்று நினைக்கிறேன், அந்த இணைப்பு அவ்வளவு இறுக்கம். வயரின் பாரம் தகட்டை இழுக்காமல் இருக்க மாஸ்கிங் ரேப்பால் இரண்டு இடத்தில் பிடித்துவிட்டேன். ஞாயிறு மாலை வரை தொடவில்லை. என் கணவர் மட்டும் இரண்டு தரம் கீழே போய் "காய்ஞ்சிட்டுது போல" என்று வந்து சொன்னார். நான் அசையவில்லை.

ஞாயிறு பொத்தானை அமத்தினேன். கண்ணாடியில் ஊதிப் பார்த்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன, நடுவில் ஒன்றைத் தவிர. அந்தக் கோடு எப்போது போனதோ, ஒரு ஸ்ரிக்கரைப் பிளேட்டால் சுரண்டிய ஞாபகம் மட்டும் இருக்கிறது.

அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. மல்ரிமீற்றரின் (வோல்ற் அளக்கும் கருவி) கறுப்பு முனையை வண்டியின் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு (இல்லாவிட்டால் முனையே கோட்டைக் கீறிவிடும்) மின்சாரம் வரும் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்த வேண்டும். நல்ல கோட்டில் 12 வோல்ற்றில் தொடங்கி, நடுவில் 6 அளவாகி, மறு ஓரத்தில் பூச்சியத்துக்கு வரும். அறுந்த கோட்டில் 12 அப்படியே நின்று, ஒரு இடத்தில் பொத்தென்று பூச்சியமாகும். அந்த இடம்தான். அதற்கு வெள்ளிப் பூச்சு என்று தனியாக விற்கிறார்கள். இரண்டு பக்கமும் ரேப் ஒட்டி இடைவெளியில் பூசினேன். வேலை செய்கிறது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தடித்த கோடாகத் தெரியும். அழகு பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. இந்தப் பூச்சால் தகட்டை ஒட்டலாமா என்று வேலையிடத்தில் ஒருவர் கேட்டார். அது பிடித்து நிற்காது, ஒட்டுவதற்குப் பசைதான் வேண்டும்.

ஈயம் பற்றவைத்தால் இன்னும் உறுதி என்பார்கள், உண்மைதான். ஆனால் சாதாரண ஈயம் கண்ணாடியிலுள்ள வெள்ளியைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்ளும், வெள்ளி கலந்த ஈயம் வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் சூட்டுக்கோலை வைத்தால் வெடிக்கவும் கூடும். கை பழகியவர்கள் செய்யட்டும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது நேரத்துக்காக: ஒரு நாள் முழுக்கக் காரை விட முடியாதவர்கள், சூடான இடம் இல்லாதவர்கள் மே மாதம் வரை பொறுத்து ஒட்டுவது நல்லது. நான் ஒட்டியது இந்தக் குளிர்காலம் முழுக்க நின்றது. அரிசிப் பை இப்போது முன் சீற்றில் பெல்ற் போட்டுக்கொண்டு வருகிறது, போடாவிட்டால் கார் கீச்சிடுகிறது.